ஓபியாய்டு செட்டில்மென்ட் பணம்: மாநிலமும் கவுன்ட்டியும் பங்கு போடுவது எப்படி, செலவழிப்பது எப்படி

அமெரிக்காவில் ஓபியாய்டு (அபின் வகை, அடிமையாக்கும்) வலி மாத்திரைகளைத் தயாரித்தவர்கள், லாரியில் ஏற்றிக் கொடுத்தவர்கள், கவுன்ட்டரில் விற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து 18 ஆண்டுகளில் 5,000 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வழக்குப் போட்டவை மாநிலங்களும் ஆயிரக்கணக்கான கவுன்ட்டிகளும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) நகரங்களும். வழக்கை முடித்துக்கொள்ளத் தரும் இந்தச் சமரசப் பணம்தான் செட்டில்மென்ட். பணம் வருகிறது. அதைப் பங்கு போடும்போதும் செலவழிக்கும்போதும் வரும் தவறுகளில் பெரும்பாலானவை நல்ல காரியத்தைத் தப்பான வரிசையில் செய்வதால் வருபவை. தீர்மானம் போடும் முன் செக் போய்விடும், திட்டம் தீட்டும் முன் ஆள் எடுத்துவிடுவார்கள். அதனால் இந்த வழிகாட்டி வரிசைப்படியே போகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கவுன்ட்டி அளவில் கையைப் பிடித்துக் காட்ட வட கரோலினாவை எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் அங்கே விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. கேரியிலோ சார்லட்டிலோ குடியிருக்கும் தமிழர்களுக்கு இது சொந்த ஊர்க் கணக்கும்கூட.

முதலில்: எந்தப் பணம், எத்தனை ஆண்டு

"செட்டில்மென்ட்" என்று ஒருமையில் பேசுவதே முதல் குழப்பம். இவை தனித்தனி ஒப்பந்தங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கால அளவு.

2021 ஜூலையில் அறிவித்து 2022 பிப்ரவரியில் முடிவானது முதல் சுற்று. மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் (இன்று சென்கோரா) ஆகிய மூன்று மொத்த விநியோக நிறுவனங்கள் 18 ஆண்டுகளில் 2,100 கோடி டாலர் வரை தரும். ஜான்சன் அண்ட் ஜான்சன் 500 கோடி வரை தரும், அதில் பெரும்பங்கு முதல் சில ஆண்டுகளிலேயே. இரண்டாம் சுற்றில் மருந்து தயாரித்த டேவா 13 ஆண்டுகளுக்கு 425 கோடி வரை, அலர்கன் 7 ஆண்டுகளுக்கு 237 கோடி வரை, மருந்துக் கடை நடத்தும் சிவிஎஸ் 10 ஆண்டுகளுக்கு 500 கோடி, வால்க்ரீன்ஸ் 15 ஆண்டுகளுக்கு 570 கோடி, வால்மார்ட் 310 கோடி. வால்மார்ட் பணம் ஏறக்குறைய மொத்தமும் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பிறகு க்ரோகர், 11 ஆண்டுகளுக்கு 137 கோடி வரை.

ஆக்ஸிகான்டின் மாத்திரை தயாரித்த பர்டியூ நிறுவனத்தின் கதை தனி. அதன் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்துக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கொடுத்த திவால் திட்டத்தை 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தள்ளியது. 2025-இல் 740 கோடி டாலருக்குப் புதிய ஏற்பாடு வந்தது. அதே 2025 ஜூலையில் எட்டு ஜெனரிக் மருந்து நிறுவனங்களுடன் சுமார் 72 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. அந்த எட்டில் நம் சன், ஜைடஸ் இரண்டும் உண்டு.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதுங்கள். இடது ஓரத்தில் நிறுவனம், மேலே ஆண்டு. எழுதி முடித்ததும் ஒன்று கண்ணில் படும். தொடக்க ஆண்டுகளில் மலை மாதிரி வருகிறது, பிறகு சரிகிறது. அந்தச் சரிவுதான் கீழே வரும் பட்ஜெட் பகுதியின் உயிர். வராமலே போகக்கூடிய பணத்துக்கும் ஒரு குறி போடுங்கள். திவாலான மருந்துத் தயாரிப்பு நிறுவனம் மாலின்க்ராட், தருவதாகச் சொன்ன 170 கோடியில் 100 கோடியை 2023-இல் இரண்டாம் முறை திவால் மனு போட்டுக் குறைத்துக்கொண்டது. அதை நம்பி பட்ஜெட் போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

பங்கு விகிதம்: தானாக வருவதும் பேசி எழுதுவதும்

மொத்தத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பது தேசிய ஒப்பந்தத்திலேயே நிர்ணயமாகிவிட்டது. மாநிலத்துக்குள் எப்படிப் பிரிப்பது என்பதுதான் சண்டைக்குரிய இடம். முதல் சுற்று ஒப்பந்தத்தின்படி, மாநிலமும் உள்ளாட்சிகளும் தமக்குள் எதையும் எழுதிக்கொள்ளாவிட்டால் 15–70–15 என்று தானாகவே பிரியும். 15 சதவீதம் மாநிலத்துக்கு, 15 உள்ளாட்சிகளுக்கு, நடுவில் உள்ள 70 பாதிப்பைத் தணிக்கும் பொது நிதிக்கு. பேசி எழுதிக்கொண்டால் அல்லது சட்டம் போட்டால் அது மேலோங்கும்.

எழுதிக்கொண்டவர்கள் எழுதியதைப் பாருங்கள். வட கரோலினாவில் மாநிலத்துக்கு 15, உள்ளாட்சிகளுக்கு 85. ஓஹாயோவில் 55 சதவீதம் ஒன்ஓஹாயோ என்ற அறக்கட்டளைக்கு, 30 உள்ளாட்சிகளுக்கு, 15 மாநிலத்துக்கு. டெக்ஸஸில் 70 மாநில அளவிலான ஒரு குழுவுக்கு. வர்ஜினியாவும் ஓஹாயோ வரிசையிலேயே 55–30–15. கென்டக்கியும் மிச்சிகனும் பாதிக்குப் பாதி. கொலராடோ 60 சதவீதத்தை வட்டாரங்களுக்கும் 20-ஐ நேராக உள்ளாட்சிகளுக்கும் கொடுத்தது. மேற்கு வர்ஜினியாவில் 72.5 சதவீதம் தனி அறக்கட்டளைக்குப் போகிறது.

விகிதத்தை மட்டும் பார்த்து யாருக்கு நல்ல பேரம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாநிலத்துக்கு ஓர் ஆண்டில் 10 கோடி டாலர் வருகிறது, ஒரு கவுன்ட்டியின் பங்கு 1.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட கரோலினா முறையில், நேரடியாகப் பிரிக்கும் 80 சதவீதத்திலிருந்து அந்தக் கவுன்ட்டிக்கு 9 லட்சத்து 60 ஆயிரம். ஓஹாயோ விகிதத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம். டெக்ஸஸ் விகிதத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் பின்னிரண்டில் மீதிப் பணம் மானியமாகத் திரும்பி வரலாம், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களுக்கு. மானியம் எழுத ஆளில்லாத சின்னக் கவுன்ட்டிக்கு நேரடிப் பங்குதான் நிஜப் பணம். பெரிய நகரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அறக்கட்டளை வழியாகப் போகும் பணத்தில் இன்னொரு சிக்கல் வெளிப்படைத்தன்மை. ஒன்ஓஹாயோ பொது ஆவணச் சட்டத்துக்குக் கட்டுப்படும் என்பதை ஓஹாயோ உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்ல வேண்டியிருந்தது. ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு வரி சேர்த்திருந்தால் நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டாம்.

வட கரோலினாவின் 85-ஐ உடைத்தால் 80-ம் 5-ம். 5 சதவீதம் ஊக்கத்தொகை. கவுன்ட்டியும், அதனுள் 30,000-க்கும் குறையாத மக்கள்தொகை உள்ள நகரங்களும் கையெழுத்திட்டால்தான் அந்தக் கவுன்ட்டிக்கு அதில் பங்கு. பக்கத்து நகரம் கையெழுத்திடாவிட்டால் நம் பை இளைக்கும் என்ற பயமே எல்லாரையும் மேசைக்கு இழுத்தது. 100 கவுன்ட்டிகளும் 17 நகரங்களும் அங்கே நேரடியாகப் பணம் பெறுகின்றன.

தேசிய அளவிலும் இதே உத்திதான். எத்தனை உள்ளாட்சிகள் சேர்ந்து வழக்கு உரிமையை விட்டுக்கொடுக்கின்றனவோ அதைப் பொறுத்து மாநிலத்துக்கு வரும் ஊக்கத்தொகை ஏறும் இறங்கும். முறைத்துக்கொண்டு தனியாக வழக்காடலாமே என்பவர்களுக்கு ஓக்லஹோமா ஒரு பாடம். 2019-இல் ஜான்சன் அண்ட் ஜான்சனுக்கு எதிராக வந்த தீர்ப்பு 46.5 கோடி டாலராக நின்றது. 2021 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை முழுதாக ரத்து செய்தது. ஆனால் வாஷிங்டன் மாநிலம் தனியாக நின்று 2022-இல் விநியோக நிறுவனங்களிடம் 51.8 கோடி வாங்கியது. சூதாட்டம்தான், சில நேரம் பலிக்கும்.

உங்கள் கவுன்ட்டிக்கு எப்படி அந்த சதவீதம் வந்தது

மூன்று எண்கள், மூன்றுக்கும் சம எடை. எத்தனை ஓபியாய்டு மாத்திரைகள் அந்தக் கவுன்ட்டிக்கு அனுப்பப்பட்டன (மத்தியப் போதை மருந்து அமலாக்கத் துறையின் ஆர்கோஸ் தரவுத்தளக் கணக்கு, மார்ஃபின் அளவுக்கு மாற்றி), எத்தனை பேர் ஓபியாய்டால் இறந்தார்கள், எத்தனை பேருக்கு ஓபியாய்டு அடிமைத்தனம். கவுன்ட்டிக்கும் அதனுள் உள்ள நகரங்களுக்கும் இடையே பிரிப்பது, கடந்த காலத்தில் யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதை வைத்து.

இதில் ஒரு கசப்பு உண்டு. சதவீதம் பழைய தரவில் உறைந்துவிட்டது. மாத்திரைக் காலத்தில் அடிபட்ட சுரங்க ஊர் நிறையப் பெறும், பிறகு ஃபென்டனில் (மிக வலிமையான செயற்கை ஓபியாய்டு) வந்து தாக்கிய நகரம் ஏன் குறைவு என்று கேட்கும். நியாயமான கேள்வி, ஆனால் ஆண்டுதோறும் திருத்தும் வழி இல்லை. சதவீதத்தோடு மல்லுக்கட்டி நேரம் வீணாக்காதீர்கள். நகரமும் கவுன்ட்டியும் சேர்ந்து ஒரு திட்டத்துக்குப் பணம் போட்டால் அந்த ஏற்றத்தாழ்வு பாதி தீரும்.

பணம் வந்து சேரும் கணக்கு

பணம் தேசிய நிர்வாகியான பிரவுன்கிரீர் நடத்தும் போர்டல் வழியாக வரும். பதிவு செய்த மின்னஞ்சல் முகவரிக்குத்தான் அறிவிப்பு. அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார், கடிதம் செத்த பெட்டியில் கிடக்கும், புதிய ஒப்பந்தத்தில் சேரும் கடைசித் தேதி கடந்திருக்கும். ஒருவர் பெயரில் இல்லாமல் நிதி அலுவலகப் பொது முகவரி, கூடவே வழக்கறிஞர் அலுவலக முகவரி என்று இரண்டைப் பதியுங்கள். பழைய ஒப்பந்தத்தில் இருக்கிறோம் என்பதால் புதியதில் தானாகச் சேர்ந்துவிட மாட்டோம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கையெழுத்து.

வட கரோலினாவில் பணம் பொதுக் கணக்கில் கலக்கக் கூடாது. தனி வருவாய் நிதி என்ற தனிப் புத்தகம் தொடங்க வேண்டும், அதில் வரும் வட்டியும் அங்கேயே சேர வேண்டும். ஒப்பந்தம் வாரியாக உபகணக்கு வைப்பது கட்டாயம் இல்லை, ஆனால் வையுங்கள். ஐந்தாம் ஆண்டில் "இது வால்மார்ட் பணமா, விநியோகப் பணமா" என்று தணிக்கையாளர் கேட்கும்போது புரியும்.

வக்கீல் கட்டணம் பற்றி ஒரு சொல். கிளீவ்லாந்தில் இந்த வழக்குகளை ஒருங்கிணைத்து நடத்திய நீதிபதி டான் போல்ஸ்டர், வெற்றிக் கட்டணத்துக்கு 15 சதவீத உச்சவரம்பு வைத்தார். தேசிய ஒப்பந்தத்தில் கட்டணத்துக்கென்று தனி நிதி உண்டு. சில மாநிலங்களில் உள்ளாட்சிப் பங்கிலிருந்தும் ஒரு துண்டு இதற்குப் போகும். உங்கள் மாநில ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே நிகரத் தொகையை எழுதுங்கள்.

எதற்குச் செலவழிக்கலாம்

தேசிய ஒப்பந்தத்தின் எக்ஸிபிட் இ என்ற இணைப்புதான் பட்டியல். அதில் முக்கிய உத்திகள் ஒரு பகுதி, ஏற்கத்தக்க மற்றவை இன்னொரு பகுதி. விநியோக நிறுவன ஒப்பந்தத்தின்படி மொத்தத்தில் குறைந்தது 85 சதவீதம் ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்யவே போக வேண்டும். 70 சதவீதமாவது இனி செய்யும் பணிக்குப் போக வேண்டும், பழைய செலவை ஈடுகட்டுவதற்கு அல்ல. இந்த வேலி ஏன் வந்தது? 1998 புகையிலை ஒப்பந்தத்தில் 46 மாநிலங்கள் 25 ஆண்டுகளுக்கு 20,600 கோடி டாலர் வாங்கின, அதில் புகைப்பழக்கத்தைத் தடுக்கப் போனது சொற்பம். பெரும்பகுதி பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போயிற்று. அந்த நினைவு எல்லார் மனதிலும் இருந்தது.

வட கரோலினா இன்னும் இறுக்கி இரண்டு பாதை வைத்தது. ஏ பாதையில் (மாநில ஒப்பந்தத்தின் எக்ஸிபிட் ஏ) 12 உத்திகள்: கூட்டுத் திட்டமிடல், ஆதாரமுள்ள சிகிச்சை, மீட்சி ஆதரவு, மீட்சி வீடுகள், வேலைவாய்ப்பு உதவி, முன்கூட்டிய தலையீடு, நலாக்ஸோன் (ஓவர்டோஸை முறிக்கும் மருந்து) விநியோகம், ஓவர்டோஸ் ஆனவரைத் தேடிப் போகும் குழு, ஊசி மாற்றுத் திட்டம் (பயன்படுத்தியவருக்குச் சுத்தமான ஊசி), ஜெயிலுக்குப் பதில் சிகிச்சைக்குத் திருப்பிவிடல், ஜெயிலுக்குள் சிகிச்சை, வெளியே வருபவருக்குத் துணை. இவற்றில் ஒன்றை எடுத்தால் நேராகத் தீர்மானம் போடலாம். பி பாதை அகலமானது, எக்ஸிபிட் இ அளவுக்கு. ஆனால் முதலில் கூட்டுத் திட்டமிடலை முடித்து, அதன் அறிக்கையையும் பரிந்துரையையும் கவுன்ட்டியை நிர்வகிக்கும் வாரியத்திடம் வைத்தாக வேண்டும். திட்டமிடலையே ஏ பாதையில் முதல் உத்தியாகப் பணம் போட்டுச் செய்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தோன்றாத வழி.

பன்னிரண்டில் எதை முதலில் எடுப்பது? சிறிய கவுன்ட்டிக்கு ஜெயிலுக்குள் சிகிச்சை என்றே சொல்வோம். பியூப்ரநார்ஃபின் அல்லது மெத்தடோன் (ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான சிகிச்சை மருந்துகள்) எடுத்துவந்தவரை ஜெயிலில் நிறுத்திவிட்டால் உடல் தாங்கும் அளவு குறைந்துபோகும். வெளியே வந்து பழைய அளவை எடுப்பார். விடுதலையான முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்தானது. அங்கே மருந்தைத் தொடரவும், வாசலில் நலாக்ஸோன் கொடுத்து அனுப்பவும், அடுத்த நாள் மருத்துவரிடம் சேர்க்கவும் செலவழிக்கும் டாலரால் காப்பாற்றப்படும் உயிர்கள் அதிகம். 2022 டிசம்பரில் வந்த சட்டம் பியூப்ரநார்ஃபின் எழுத இருந்த தனி அனுமதியை நீக்கிவிட்டதால், வழக்கமான மருத்துவரையே ஜெயிலுக்கு வரவழைக்கலாம். மெத்தடோனுக்கு மட்டும் உரிமம் பெற்ற சிகிச்சை மையம் வேண்டும். தூரம் அதிகமானால் அந்த ஏற்பாட்டைத் தனி வரியாகப் பட்ஜெட்டில் காட்டுங்கள்.

நலாக்ஸோன் வாங்குவதிலும் ஒரு கண். 4 மில்லிகிராம் மூக்கு ஸ்ப்ரே ஒரு பெட்டியில் இரண்டு வரும். 2023 முதல் சீட்டில்லாமலே கிடைக்கிறது. டேவா ஒப்பந்தத்தில் பணத்துக்குப் பதில் நலாக்ஸோனாகவே பெறும் வழியும் இருந்தது. மாநிலம் இலவசமாகத் தருகிறதா என்று முதலில் கேளுங்கள், பிறகு வாங்குங்கள். பெட்டி வாங்கியதும் காலாவதித் தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள். அலமாரியில் ஒரு வண்டிப் பெட்டி காலாவதியானால் அது செலவுக் கணக்கில் ஏறும், ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றாது.

தீர்மானம்: வரிசை தப்பும் இடம்

வட கரோலினாவில் செலவழிக்கும் முன் வாரியம் தனித் தீர்மானத்திலோ பட்ஜெட்டிலோ அனுமதி தர வேண்டும். பொதுவாக ஒரு தொகையை ஒதுக்கியது போதாது. அந்த அனுமதியில் மூன்று விஷயம் இருந்தே ஆக வேண்டும்: இது ஓபியாய்டு செட்டில்மென்ட் நிதியின் செலவுக்கான அனுமதி என்ற வாசகம், எந்த எக்ஸிபிட்டின் எந்த உத்தி என்ற எண், எந்தக் காலத்துக்கு எவ்வளவு தொகை.

தப்பான வாசகம் இப்படி இருக்கும்: "போதை ஒழிப்புப் பணிகளுக்காக 60,000 டாலர் ஒதுக்கப்படுகிறது." இதில் நிதி எது என்று இல்லை, உத்தி எது என்று இல்லை, எப்போது முடியும் என்றும் இல்லை.

சரியானது: "ஓபியாய்டு செட்டில்மென்ட் நிதியிலிருந்து, எக்ஸிபிட் ஏ-யின் 7-ஆம் உத்தியான நலாக்ஸோன் விநியோகத்துக்காக, 2026 ஜூலை 1 முதல் 2027 ஜூன் 30 வரை 60,000 டாலருக்கு மிகாமல் செலவழிக்க வாரியம் அனுமதிக்கிறது."

ஒரு திட்டம் இரண்டு உத்தியில் கால் வைத்தால் இரண்டு பத்தி, இரண்டு தொகை. ஆண்டு நடுவில் தொகை மாறினால் திருத்தத் தீர்மானம். செலவழித்த பிறகு பின்தேதியிட்டு அனுமதி வாங்கிச் சரிக்கட்டலாம் என்ற யோசனை தணிக்கையில் பிடிபடும். பிடிபட்டால் அந்தத் தொகையைப் பொதுக் கணக்கிலிருந்து திருப்பி வைக்க வேண்டி வரும்.

இன்னொரு ஓட்டை: ஏற்கெனவே கவுன்ட்டி பணத்தில் ஓடும் சிகிச்சைத் திட்டத்தை இந்த நிதிக்கு மாற்றிவிட்டு, மிச்சமான பணத்தை வேறு வேலைக்குத் திருப்புவது. தேசிய ஒப்பந்தம் இதைப் பொதுவாகத் தடுக்கவில்லை, சில மாநிலங்கள் தடுத்திருக்கின்றன. சட்டம் இடம் கொடுத்தாலும் செய்யாதீர்கள். புதிதாக ஒருவருக்குக்கூட சிகிச்சை கிடைக்காது, நிதி மட்டும் கரையும். "முந்தைய ஆண்டுச் செலவைக் குறைக்காமல்" என்ற ஒரு வரியைத் தீர்மானத்திலேயே சேர்த்துவிட்டால் வாரியத்தில் ஆட்கள் மாறினாலும் நிற்கும்.

சரிவைச் சமாளிக்கும் பட்ஜெட்

ஐந்தாண்டு வரவு 12, 10, 6, 5, 5 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 38. இரண்டாம் ஆண்டில் உற்சாகத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் ஆகும் ஆட்களை எடுத்தால், மூன்றாம் ஆண்டில் 4 லட்சம் துண்டு விழும், ஆட்களை அனுப்ப வேண்டிவரும். சிகிச்சையில் இருப்பவரைப் பாதியில் விடுவது தொடங்காமல் இருப்பதைவிடக் கெடுதல்.

சராசரி 7.6 லட்சத்தைப் பிடித்துக்கொண்டால் ஆண்டு முடிவில் கையிருப்பு 4.4, 6.8, 5.2, 2.6, கடைசியில் பூஜ்யம். சம்பளம், மருந்து போன்ற தொடர்செலவைக் குறைந்த ஆண்டு வரவான 5 லட்சத்துக்குள் அடக்குங்கள். அதற்கு மேல் உள்ள 2.6 லட்சத்தை ஒருமுறைச் செலவுக்கு வையுங்கள்: மீட்சி வீட்டுப் பழுதுபார்ப்பு, வாகனம், பயிற்சி. ஆனால் சும்மா சேர்த்து வைத்துக்கொண்டே போகவும் முடியாது. கலிஃபோர்னியாவில் ஐந்து ஆண்டுகளுக்குள் (கட்டடச் செலவானால் ஏழு) செலவழிக்கவோ ஒப்பந்தத்தில் கட்டவோ வேண்டும். உங்கள் மாநிலத்தில் அப்படிக் கெடு உண்டா என்று பார்த்தபிறகே கையிருப்பை முடிவு செய்யுங்கள்.

தொண்டு அமைப்புகளிடம் வேலையைக் கொடுக்கும்போது இன்னொன்று. செலவழித்துவிட்டு ரசீது காட்டி வாங்கிக்கொள் என்றால் நான்கு பேர் நடத்தும் ஊசி மாற்று மையம் இரண்டாம் மாதமே திணறும். ஒரு காலாண்டுக்கு முன்பணம், அடுத்த காலாண்டுப் பணம் கணக்குக் காட்டியபின் என்று ஒப்பந்தம் எழுதுங்கள். அறிக்கைக்கு வேண்டிய எண்களையும் (எத்தனை பேர், எத்தனை பெட்டி, எத்தனை பேர் சிகிச்சையில் சேர்ந்தார்கள்) முதல் நாளே ஒப்பந்தத்தில் கேளுங்கள். ஆண்டு முடிவில் கேட்டால் யாரிடமும் இருக்காது.

அறிக்கையும் ஆண்டுக் கூட்டமும்

வட கரோலினாவில் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அதிலிருந்து 90 நாள், அதாவது செப்டம்பர் 28-க்குள் நிதி அறிக்கையும், என்ன பலன் கிடைத்தது என்ற அறிக்கையும் போக வேண்டும். தீர்மானத்தில் எழுதிய உத்தி எண்ணும் அறிக்கையில் போடும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஆகஸ்டிலேயே ஒத்துப்பாருங்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் தெரிந்தால் வாரியக் கூட்டத்துக்கு நேரம் இருக்காது.

பணம் பெறும் ஒவ்வொரு கவுன்ட்டியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தன் எல்லைக்குள் உள்ள நகரங்களை எல்லாம் அழைத்துப் பொதுமக்கள் முன் கூட்டம் நடத்த வேண்டும். அங்கே போகிறவர் நீண்ட பேச்சு எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை. மூன்று தாள் கேளுங்கள்: தீர்மான நகல், தனி வருவாய் நிதியின் வரவு செலவுப் பக்கம், போன ஆண்டு அறிக்கை. மூன்றிலும் ஒரே உத்திக்கு ஒரே தொகை இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். இல்லை என்றால் அந்த வரியை மட்டும் காட்டி, ஏன் என்று கேளுங்கள்.